திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும்

பழைய விசா ஆபீஸ் குமாஸ்தா வந்துவிட்டுப் போய் ஆறு நாள் ஆகிவிட்டது. அந்த ஆறு நாளும் பிளான் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை, சரியாகத் தூங்கவில்லை. ஆனால் வேலையை மட்டும் முன்னெப்போதையும்விட நேர்த்தியாகச் செய்தாள். பழிவாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு வரும் போலிருக்கிறது.

குமாஸ்தா ஒன்றும் சண்டை மூட்ட வந்தவரில்லை. ரிட்டயரான மனுஷன், மனைவியோடு எங்கேயாவது போய் வரலாமென்று பிளான் அக்கா வேலை செய்கிற டிராவல்ஸ் ஆபீசுக்குள் நுழைந்தார். பிளான் அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்க எங்க விசா ஆபீஸ் ஜன்னல்கிட்ட மூணு நாள் நின்னு அழுதவங்கதானே?" என்றார்.

அவளேதான். பதினோரு வருஷத்துக்கு முன்பு கணவனை இழந்து, பதிமூன்று வயது மகளோடு அண்ணன் வீட்டில் ஒதுங்கியிருந்த காலம். இந்த ஆபீசில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் போடுகிற பயணத் திட்டத்துக்கு அப்படி ஒரு பேர்; 'பிளான் அக்கா' என்ற பட்டமும் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். முதலாளியே கூப்பிட்டு, "விக்கிறவ ஒரு தடவை கண்ணால பார்க்க வேண்டாமா? ஒரு வாரம் போய்ட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டார். ஐரோப்பாவில் எத்தனையோ ஊர் இருந்தாலும் இவர்கள் ஆபீசில் 'பெரிய ஊர்' என்றால் ஒரே ஒரு தலைநகரம்தான். டிக்கெட் ரெடி, ஹோட்டல் ரெடி, இரவல் கோட்டுகூட ரெடி. விசா மட்டும் வரவில்லை. காரணமும் சொல்லவில்லை.

அவளுக்குப் பதில் வேறொருத்தர் போய் வந்தார். அதன்பிறகு அவளை யாரும் அனுப்பவில்லை, அவளும் கேட்கவில்லை.

"விசாரிக்கிறதுக்கு உங்க வீட்டுக்கு நான்தான் போன் பண்ணினேன்" என்றார் குமாஸ்தா, ஏதோ பழைய மழையைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி. "ஒரு அம்மா எடுத்தாங்க. 'அவ திரும்பி வர்ற எண்ணத்துல போகலை, அங்கேயே தங்கிடுவா'ன்னு சொன்னாங்க. நானும் அப்படியே எழுதிட்டேன். என் வேலை அது."

அந்த வீட்டில் அப்போது பெரியவர்களென்று மூன்று பேர்தான். ஒருத்தி இவள். இன்னொருவர் அண்ணன். மிச்சம் இருந்த 'ஒரு அம்மா' யாரென்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

அண்ணி!

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணன் ஆபீசுக்கு வந்து நின்றதுதான் வேடிக்கை. அச்சகத்து மை நகக்கண்ணில் அப்பியிருக்க, முகமெல்லாம் சிரிப்பு.

"எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தஞ்சு வருஷம் ஆகுது. உன் அண்ணி ஒரே ஒரு ஆசை சொல்லியிருக்கா. பெரிய ஊருக்கு நாலு நாள். நீதான் பிளான் போட்டுத் தரணும் தங்கச்சி."

"அதுக்கென்ன அண்ணா, ஜமாய்ச்சிடலாம்" என்றாள் பிளான் அக்கா.

அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாது.

*

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

ஆபீஸ் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிளான் அக்கா தன் மேஜையின் கடைசி இழுப்பறையிலிருந்து புகார் நோட்டை எடுத்து விரித்தாள்.

ஊரையே பார்க்காதவள் அந்த ஊரை எப்படிக் கரைத்துக் குடித்தாள் என்று பலபேர் மூக்கின் மேல் விரலை வைப்பார்கள். ரகசியம் இந்த நோட்டுதான். போய்விட்டு வந்தவர்கள் திட்டுவதையெல்லாம் ஒரு வரி விடாமல் எழுதி வைப்பாள். படி அதிகம், தண்ணீர் சுடவில்லை, ஜன்னலைத் திறந்தால் குப்பை லாரி, பூங்காவில் குளிர்காலத்தில் நீரூற்றை நிறுத்திவிடுகிறார்கள். புகழ்ந்து பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசுவார்கள். திட்டுகிறவர்கள்தான் தெருவையும் கதவு எண்ணையும் சொல்லித் திட்டுவார்கள். அந்தத் திட்டுகளை வைத்தே பதினோரு வருஷமாக அந்த ஊரின் சந்து பொந்தெல்லாம் அவள் தலைக்குள் ஏறியிருந்தது.

இத்தனை நாள் அந்த நோட்டைப் பார்த்து, 'இதெல்லாம் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று திட்டம் போட்டாள். இந்த ஆறு நாளாக, 'இதெல்லாம் நடந்தே தீர வேண்டும்' என்று போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஹோட்டல், மலைத்தெருவில். 'அழகான பழைய கட்டடம், நாலாவது மாடி, ஊரே தெரியும் அறை.' லிப்ட் கிடையாது. அறுபத்திரண்டு படி. அண்ணிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து ஒரு வருஷம் ஆகிறது. தையல் மெஷினை மிதித்து மிதித்துத் தேய்ந்த முழங்கால்.

நீரூற்றுப் பூங்கா, உண்டு. நீரூற்றுதான் இருக்காது.

நதியில் படகு, உண்டு. சனி, ஞாயிறு மட்டும். இவர்கள் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்வதற்குள் கடைசிப் படகு கரையேறியிருக்கும்.

திட்டத்தில் ஒரு பொய்கூடக் கிடையாது. அதுதான் அவள் கெட்டிக்காரத்தனம். எல்லாம் நிஜமான இடம், நிஜமான விலாசம்.

எதிர் மேஜையில் உட்கார்ந்து டிக்கெட் போடுகிறவளை ஆபீசில் எல்லாரும் 'டிக்கெட்' என்றே கூப்பிடுவார்கள். இவள் வயதுதான். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தவள் திரும்பினாள்.

"ஏய், இது உன் அண்ணனுக்குப் போடறதா?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இறங்கறாங்க. புதன்கிழமை மதியம் ஏறறாங்க. நடுவுல இருக்கிறது திங்களும் செவ்வாயும்தான். அரண்மனைக்குத் திங்கள் லீவு. மியூசியத்துக்குச் செவ்வாய் லீவு. இதை நான் உனக்குச் சொல்லணுமா?"

"வேண்டாம்."

"அப்போ செவ்வாய் அரண்மனை, திங்கள் மியூசியம்னு மாத்திப் போடேன். விஷயம் முடிஞ்சுது."

"நான் போட்டது போட்டபடி இருக்கட்டும்."

டிக்கெட் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"திங்கள்கிழமைக்கு மியூசியத்துல இன்னும் இடம் இருக்குடி."

"இல்லை. நேத்து ராத்திரியே தீர்ந்துபோச்சு. மியூசியத்துக்கும் இல்லை, செவ்வாய்க்கிழமை அரண்மனைக்கும் இல்லை. தீர்ற வரைக்கும் நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

பதினோரு வருஷப் பழக்கத்தில் இந்தக் குரலை டிக்கெட் கேட்டதே இல்லை.

"எனக்கென்னவோ இது நல்லதாப் படலை" என்று மட்டும் முணுமுணுத்தாள். "உன் அண்ணன் என்னடி பாவம் பண்ணினார்?"

அந்தக் கேள்வி பிளான் அக்காவுக்கும் வராமல் இல்லை. அண்ணன் பாவம்தான். ஆனால் இருபத்தைந்து வருஷம் அந்தப் பொம்பளை பக்கத்தில் நின்றவர் இன்னும் இரண்டு நாள் பூட்டிய கதவு முன்னால் நின்றால் தேய்ந்துவிட மாட்டார் என்று மனசை இறுக்கிக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியது ஒரே காட்சி. அரண்மனை வாசல். பெரிய இரும்புக் கதவு, இழுத்துச் சாத்தியிருக்கிறது. குளிர்காற்று சுள்ளென்று அடிக்கிறது. அண்ணி நொண்டி நொண்டி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறாள். ஒரு காவல்காரன் வந்து, போ போ என்று கையை ஆட்டுகிறான். ஜன்னல் முன்னால் மூன்று நாள் நின்றவளுக்கு இந்த இரண்டு நாள் காட்சியாவது கிடைக்க வேண்டாமா? நினைக்க நினைக்க வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"பேரை இப்பவே டைப் அடிச்சிடவா?" என்று கேட்டாள் டிக்கெட்.

"ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கில்ல? கையெழுத்து வாங்கிட்டு வந்து அடிக்கலாம்."

இது இந்த ஆபீசின் பழைய வழக்கம். முதலாளி சீட்டுகளைக் கூட்டமாகப் பிடித்து வைப்பார். பயணத் தேதியை மாற்ற முடியாது, விமானத்தை மாற்ற முடியாது. ஆனால் பயணிகளின் பேரைக் கடைசி நாள் சாயங்காலம் வரை காலியாக விட்டு வைக்கலாம். பேர் இருக்கவேண்டிய இடத்தில் 'பிறகு' என்று எழுதி வைப்பார்கள். யாராவது மனம் மாறிவிட்டால் அந்த இடத்தில் வேறு யாரையாவது நுழைக்க வசதி. நூறு தடவை அவளுக்குக் கைகொடுத்த வழக்கம். இந்தப் பயணத்துக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருந்தது; பேர் போட்ட பிறகுதான் விசாவுக்கே எழுதுவார்கள்.

*

மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

வாசலை ஒட்டிய முன்னறைதான் அண்ணியின் தையல் அறை. இரண்டு மெஷின், கத்தரி விழுந்து விழுந்து குழிந்த ஒரு நீள மேஜை, சுவரோரம் பேர் எழுதிய சீட்டு குத்தித் தொங்குகிற துணிகள். அண்ணியின் கழுத்தில் அளவு டேப்.

"வா வா, உன்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் அண்ணி. "நீ என்ன இளைச்சுப் போயிட்ட? பொண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகு ஒழுங்கா சமைக்கிறதே இல்லையா?"

"சமைக்கிறேன் அண்ணி."

"பொய் சொல்லாதே. கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கு."

இந்தக் குரல். போனை எடுத்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதும் இதே குரல்தான். பிளான் அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம். கேட்டால் அழுவாள், அண்ணன் நடுவில் வருவார், பழைய கதை எதுக்கு என்பார்கள், சாயங்காலத்துக்குள் எல்லாம் ஆறிப்போகும். வேண்டாம். ஆறவே கூடாது.

அண்ணனும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். காகிதத்தை வாங்கி அச்சு எப்படியிருக்கிறதென்று முதலில் பார்த்தார். அப்புறம்தான் படித்தார்.

"நாலாவது மாடி! ஊரே தெரியும்! பார்த்தியா, என் தங்கச்சின்னா சும்மாவா?"

"கொடுங்க இப்படி" என்று அண்ணி வாங்கிக்கொண்டாள்.

துணியை வெட்டுவதற்கு முன் இரண்டு தடவை அளக்கிறவள் அவள். காகிதத்தையும் அப்படித்தான் படித்தாள். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. அளவு டேப்பின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"திங்கட்கிழமை அரண்மனை. செவ்வாய்க்கிழமை மியூசியம்."

"ஆமா அண்ணி."

"தேதியை மாத்தணும்னா?"

"மாத்த முடியாது. மொத்தமாப் பிடிச்ச சீட்டு."

"பேரு?"

"ஆறு மணிக்குள்ள கொடுத்தாப் போதும். உங்க ரெண்டு பேர் பேரையும் நானே அடிச்சிடறேன். நீங்க இதுல கையெழுத்து மட்டும் போடுங்க."

"ஆறு மணிக்குள்ளதானே? அவசரம் என்ன, சாயங்காலம் போட்டுத் தரேன்" என்றாள் அண்ணி. காகிதத்தை நாலாக மடித்து மெஷின் இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். "என் கஸ்டமர் டீச்சரம்மா ஒருத்தங்க போன வருஷம் அந்த ஊருக்குப் போய்ட்டு வந்தாங்க. குளிருக்கு என்ன எடுத்துக்கணும்னு அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

போன வருஷமா? பிளான் அக்கா அண்ணியை உற்றுப் பார்த்தாள். ஆனால் அண்ணியின் முகத்தில் ஒன்றும் இல்லை. மெஷினில் நூல் கோக்கத் தொடங்கியிருந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போ தங்கச்சி" என்றார் அண்ணன்.

"வேலை இருக்குண்ணா."

தெருவில் இறங்கிய பிறகுதான், அந்த வீட்டில் அரைமணி நேரம் இருந்தும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

*

ஐந்தே காலுக்கு போன் அடித்தது. மகள்.

பிளான் அக்காவின் மகள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். கல்யாணமாகி எட்டு மாசம். மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை. லீவு கிடைக்காமல் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்து ஊருக்குக்கூடச் சேர்ந்து போனதில்லை.

"அம்மா! அம்மா! நீ உட்கார்ந்திருக்கியா, நின்னுக்கிட்டு இருக்கியா?"

"உட்கார்ந்துதான் இருக்கேன். என்னடி, மூச்சு வாங்குது?"

"மாமா வீட்டுல இருக்கேன். அத்தை ஸ்கூலுக்கே வந்து கூட்டிட்டு வந்துட்டாங்க. அம்மா, அவங்க போகலையாம்! முழங்கால் வலி தாங்காதாம். 'உன் அம்மா ஆசை ஆசையாப் போட்ட பிளான், வீணாகக்கூடாது, எங்களுக்குப் பதிலா நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க'ன்னு சொல்லிட்டாங்க! கல்யாணத்துக்கு ஒழுங்கா எதுவும் செய்யலைன்னு அத்தைக்கு மனசுல குறையாம். அம்மா, கேக்குதா?"

கேட்டது.

"அவருக்கும் போன் பண்ணிட்டேன். சரியா அந்த நாலு நாளைக்குத்தான் லீவு கிடைக்குமாம். அதிர்ஷ்டம் பாரேன்! ரெண்டு பாஸ்போர்ட்டையும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிட்டேன். நீ பேரை அடிச்சிடு. அம்மா, நான் அந்த மியூசியத்துக்குப் போகப்போறேன். துணி அலசற அந்தப் பொம்பளை படத்தை நேர்ல பார்க்கப்போறேன்!"

மகளுக்குச் சின்ன வயதில், ஆபீஸ் விளம்பரப் புத்தகத்திலிருந்து கிழித்து பிளான் அக்கா தந்த படம் அது. மகள் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்துதான் டிராயிங் டீச்சரே ஆனாள்.

"பிளானைப் பார்த்தியா?" என்றாள் பிளான் அக்கா. குரல் அவளுடையதாகவே இல்லை.

"இன்னும் இல்லை. அத்தை கையில இருக்கு. நீ போட்டதை நான் சரிபார்க்கணுமா என்ன?"

எதிரே டிக்கெட் எழுந்து நின்றுவிட்டாள். அவளுக்கும் பாதி விளங்கிவிட்டது.

பிளான் அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "வேற நாள் ஏதாவது இருக்கா? பாரு, சீக்கிரம் பாரு" என்றாள்.

டிக்கெட் விசைப்பலகையை ஓட ஓடத் தட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள். "ரெண்டு மாசத்துக்கு இல்லைடி. அந்தப் பையனுக்கும் வேற நாள்ல லீவு இல்லைன்னு உன் பொண்ணு சொன்னது இங்கே வரைக்கும் கேட்டுது."

"மியூசியம்? திங்கட்கிழமை?"

"தீர்ற வரைக்கும் நீதானே பார்த்துக்கிட்டே இருந்த" என்றாள் டிக்கெட். குத்திக்காட்டவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னாள்.

இனி என்ன வழி? சீட்டுப் போய்விட்டதென்று ஒரு பொய் சொல்லிவிட்டால்? மகள் ஒரு நாள் அழுவாள், மறுநாள் சரியாகிவிடும். அதுதான் சரி.

"உன் அத்தைகிட்டக் கொஞ்சம் போனைக் கொடு" என்றாள்.

போன் கை மாறியது. மெஷின் அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. தூரத்தில் அண்ணன் ஏதோ கேட்க, மகள் கலகலவென்று சிரிப்பதும் கேட்டது.

"சொல்லு" என்றாள் அண்ணி.

"அண்ணி, சீட்டு விஷயத்துல ஒரு சின்னச் சிக்கல்..."

"சீட்டு போச்சுன்னு சொல்லப்போறியா? நாலு மணிக்கே உங்க முதலாளிக்கு போன் பண்ணிக் கேட்டுட்டேன். ரெண்டு சீட்டும் பத்திரமா இருக்காம். பேர் மட்டும்தான் பாக்கியாம்."

பிளான் அக்கா முதலாளி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சரம்மா எல்லாம் விவரமாச் சொன்னாங்க" என்றாள் அண்ணி, ஊசியில் நூல் கோக்கிற அதே நிதானத்தில். "கோட்டு கனமா எடுத்துக்கணுமாம். அப்புறம் அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்குமாம். மியூசியம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்குமாம். நான் நம்பலை. 'எங்க வீட்டுப் பொண்ணு பதினோரு வருஷமா அந்த ஊரை வித்துக்கிட்டு இருக்கா, அவளுக்குத் தெரியாததா'ன்னு சொல்லிட்டேன். அவங்க சிரிச்சாங்க. எனக்கு உடம்பு கூசிப்போச்சு."

"அண்ணி..."

"அறுபத்திரண்டு படியாமே அந்த ஹோட்டல்ல? அவங்களும் அங்கதான் தங்கினாங்களாம். என் முழங்காலைப் பார்த்துக்கிட்டே எழுதியிருக்க இல்ல? நான் உனக்கு என்னடி பண்ணினேன்? அஞ்சு வருஷம் ஒரே கூரைக்கு அடியில வச்சு சோறு போட்டேன். உன் பொண்ணுக்கு யூனிபார்ம் தச்சுப் போட்டேன். அதுக்கா இது?"

"அதுக்கு இல்லை."

"எதுக்குன்னு எனக்குத் தெரியவேண்டாம். நீ வெட்டின துணி, உன் பொண்ணுக்கே தச்சாச்சு. அவ இன்னும் பேப்பரைப் பிரிக்கலை. எந்த மியூசியம் எந்த நாள் லீவுன்னு ஸ்கூல் படிக்கிறப்பவே அவளுக்கு ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்தது நீதானே? பிரிச்சு ஒரு பார்வை பார்த்தாப் போதும், தெரிஞ்சிடும். அவ அம்மாவுக்கு இது தவறுதலா வந்திருக்காதுங்கறதும் தெரிஞ்சிடும்." அண்ணி மூச்சு விட்டாள். "அதுக்கு முன்னாடி நீயே அவகிட்டச் சொல்றதா இருந்தா சொல்லு. போன் என் கையிலதான் இருக்கு."

மணி ஐந்து நாற்பது.

சொல்வதா? என்னவென்று சொல்வது? 'உன் மாமாவும் அத்தையும் பூட்டின கதவுக்கு முன்னால் நின்று குளிரில் நடுங்கவேண்டும் என்று ஆறு நாள் உட்கார்ந்து போட்ட திட்டம்டி இது' என்றா? நீ போட்டதை நான் சரிபார்க்கணுமா என்று கேட்டாளே, அவளிடமா? இந்த உலகத்தில் அவள் போடுகிற திட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஒரே ஜீவன் அது. அதையும் இன்றைக்கு இழந்துவிட்டால் அவளுக்கென்று என்ன மிஞ்சும்?

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. ஆறு நாளாக உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது அப்படியே இருந்தது. இன்னும் சூடாக இருந்தது. எதுக்குன்னு எனக்குத் தெரியவேண்டாம் என்று அண்ணி சொன்னாளே, அந்த வார்த்தைதான் அதைப் பொங்க வைத்தது.

தெரியவேண்டாமா? தெரியத்தான் வேண்டும்.

"பேரை என்ன பண்ணட்டும்?" என்று டிக்கெட் சைகையில் கேட்டாள். பிளான் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அண்ணி, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நம்ம வீட்டுக்கு ஒரு போன் வந்துச்சு. விசா ஆபீஸ்லேர்ந்து."

தையல் அறைக்கு வெளியே மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் எடுத்தீங்க. அவ திரும்பி வரமாட்டான்னு சொன்னீங்க."

"யார்... யார் சொன்னா உனக்கு?"

"அன்னிக்குப் போன் பண்ணினவரே சொன்னார். என் மேஜைக்கு எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு."

அண்ணியின் குரல் மாறியிருந்தது. இதுவரை அவள் கேட்டேயிராத, வறண்ட குரல். "அன்னிக்கு என் நிலைமை என்னன்னு உனக்குத் தெரியாது. நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரிஞ்சா..."

"தெரிஞ்சுக்கறேன். எல்லாரும் சேர்ந்தே தெரிஞ்சுக்கலாம்" என்றாள் பிளான் அக்கா. குரல் நடுங்கவில்லை. "கதவைத் திறங்க அண்ணி. ஹாலுக்குப் போங்க. போனை ஸ்பீக்கர்ல போடுங்க."

"வேண்டாம். உன் அண்ணனுக்கு இது தெரியாது..."

"அண்ணனும் கேக்கட்டும். சொல்றதுக்கு ரெண்டு விஷயம் இருக்கு. முதல்ல என்னுதை நான் சொல்லிடறேன். அசிங்கமாத்தான் இருக்கும், பரவாயில்லை. அது முடிஞ்சதும் உங்களுதை நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா அதையும் நானே சொல்லிடுவேன்."

கதவு திறக்கவில்லை.

பிளான் அக்கா காத்திருந்தாள். டிக்கெட் மேஜையைச் சுற்றி வந்து அவள் தோளில் கை வைத்தாள்.

பிறகு கதவு கிரீச்சிட்டது. ஸ்பீக்கர் போட்டதும் ஹால் சத்தமெல்லாம் கேட்டது. அண்ணன் எங்கேயோ இருமினார்.

"என்னம்மா, ஸ்பீக்கர்லயா பேசற?" என்றாள் மகள். "அத்தை ஏன் இப்படி உட்கார்ந்துட்டாங்க? அம்மா? சொல்லும்மா, எல்லாரும் இருக்கோம்."